அடித்தண்ணீரில் கிடந்த பாட்டு

எங்கள் குடியிருப்பில் குழாயைத் திறந்தால் பாட்டு வந்த காலம் ஒன்று உண்டு. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்கள் ஊர்க் குழாய்களில் வெறும் காற்றுதானே வருகிறது. தூத்துக்குடியில் உப்பளங்களுக்குப் போகிற ரோட்டில், துறைமுக லாரிகள் முக்கித் திரும்புகிற வளைவுக்குச் சற்று உள்ளே தள்ளி, மூன்று மாடி வீடுகளாக வரிசை கட்டி நிற்கிறது எங்கள் குடியிருப்பு. வரிசைகளுக்கு நடுவில் எல்லோரையும் மேற்பார்வை பார்ப்பதுபோல ஒரு சிமெண்டுத் தொட்டி நிற்கிறது, அந்தத் தொட்டிக்கு நேர் எதிரே கீழ்வீட்டில் இருந்தாள் ஜெசிந்தா மச்சாது.

ஜெசிந்தாவுக்குத் தொழில் ஒலிப்பதிவு. இரண்டு அறை வீட்டில் ஒன்றைப் பழைய மெத்தைகளாலும் முட்டை அட்டைகளாலும் மூடி அதற்கு ஸ்டுடியோ என்று பெயர் வைத்து, மாதாகோவில் பாடகர் குழுவுக்கும் கோவில் கொடை வில்லுப்பாட்டுக்காரர்களுக்கும் ஆட்டோவில் கட்டிக்கொண்டு போகிற தேர்தல் அறிவிப்புக்கும் ஒரே அக்கறையோடு ஒலி சேர்த்துக் கொடுப்பாள். அது வயிற்றுக்கு. மனசுக்கென்று அவளுக்குச் சொந்தப் பாட்டுகள் இருந்தன, எந்தக் கம்பெனியும் கேட்காத, எந்த மேடையும் கூப்பிடாத பாட்டுகள். தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே கிட்டார் வாசித்து, தானே பாடி, தானே பதிவு செய்து, இன்டர்நெட்டில் தனக்கென்று வைத்திருந்த பக்கத்தில் தானே ஏற்றிவிடுவாள். அந்தப் பக்கத்தைத் திறந்தால் முதலில் அவளுக்குப் பிடித்த பேண்டுகள்தான் வரிசையாக இருக்கும். அம்பத்தூரில் மோட்டார் கம்பெனி வேலையை விட்டுவிட்டு டிரம்ஸும் கிட்டாருமாக இறங்கிய மூன்று பெண்களின் ‘ஞாயிறு மின்வெட்டு’, கொச்சிக்காரர்களின் ‘மட்டஞ்சேரிப் பூனைகள்’, அப்புறம் வருஷத்தில் பாதி நாள் பனி பெய்கிற ஏதோ ஒரு தேசத்தின் வாயில் நுழையாத பெயர் கொண்ட பேண்டு. இவர்களைப் பற்றியெல்லாம் ஆசை ஆசையாக எழுதி, கேளுங்கள் கேளுங்கள் என்று கெஞ்சி, எல்லாம் முடிந்து விரல் வலிக்கிற அளவு கீழே தள்ளிக்கொண்டே போனால், கடைசியில் சின்ன எழுத்தில் அவளுடைய பாட்டுகள் இருக்கும். அவ்வளவு தூரம் யாரும் கீழே போனதில்லை.

பாட்டைக் கலக்கும்போதும் அவளுக்கு இதே புத்திதான். மற்றவர் குரலை முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைப்பவள், தன் குரலை மட்டும் வாசலில் செருப்புப் பக்கம் நிறுத்துவாள். ஒரு படி இறக்குவாள், கேட்டுப் பார்ப்பாள், இன்னும் ஒரு படி இறக்குவாள். ஏன் இப்படி என்று கேட்டால், பாட்டுக்கு அதுதான் அழகு என்று சொல்லி மழுப்பிவிடுவாள்.

அவள் பல வருஷம் மல்லுக்கட்டிய பாட்டு ஒன்று இருந்தது. வேலைக்குக் கிளம்பிய ஒரு பெண் பாதி வழியில், கதவைப் பூட்டினேனா என்று யோசித்துக்கொண்டே நடக்கிற பாட்டு. இதற்கெல்லாமா பாட்டு என்று தோன்றும், ஆனால் நம்மில் யார் அப்படி நடக்காதவர்கள்? அந்தப் பாட்டின் ஆரம்பம் நீளமோ நீளம். ஒரு மூச்சு, ஒரே சுதி, ஒரு கிட்டார்த் தந்தி, மறுபடியும் மூச்சு. கேட்கக் கொடுத்தவர்கள் எல்லாம் முதல் வரி வருவதற்குள் தள்ளிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போனார்கள். மெத்தை அறையில் எத்தனை முறை பாடினாலும் அது அவளுக்கே சரியாக வரவில்லை.

அப்போதுதான் தொட்டியைக் கழுவுகிற நாள் வந்தது. வால்வு திறந்து மூடுகிற தங்கப்பழம் அண்ணாச்சியிடம் போய், ப்ளீச்சிங் பவுடர் வாடை அடங்கியதும் காலித் தொட்டிக்குள் இறங்கிப் பாட விடவேண்டும் என்று ஜெசிந்தா கேட்டாள். தங்கப்பழத்துக்கு ஒரு ரகசியத்தை வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது, யாருக்கும் இல்லை என்று சொல்லவும் தெரியாது. வெறும் சிமெண்டுத் தொட்டிக்குள் குரல் விட்டால் அது சுற்றிச் சுற்றி வந்து அடங்கவே நேரமாகும், அந்தச் சுற்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. ஆனால் ஒலிப்பதிவுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புது இடத்துக்குப் போனால் முதலில் தங்களுக்கு மனப்பாடமான அடுத்தவர் பாட்டுகளைப் போட்டுக் கேட்பார்கள். இந்தச் சுவர் எதைக் கூட்டுகிறது, எதை விழுங்குகிறது என்று அதிலிருந்து பிடிபடும். ஜெசிந்தா கயிற்றில் ஸ்பீக்கரை இறக்கி, மின்வெட்டுப் பெண்களையும் பூனைகளையும் பனிக்காரர்களையும் போட்டுப் போட்டுக் கேட்டு, சொக்கிப்போய், தன் பாட்டுக்கு என்று நேரம் வைப்பதையே மறந்துவிட்டாள். ஆற்றுத் தண்ணீர் வந்துவிட்டது, ஏறு என்று தங்கப்பழம் மேலிருந்து கத்திய பிறகுதான் அவசர அவசரமாக, ஈரத் தரையில் வெறுங்காலோடு மைக்குக்கு முன்னால் நின்று, கிட்டார் மீட்டி, ஒரே ஒரு முறை பாடினாள்.

அந்த ஒரு முறை அது வந்துவிட்டது. ஏணியில் ஏறி வந்தபோது அவள் முகம் திருவிழாவாக இருந்தது என்று தங்கப்பழம் இன்றைக்கும் சொல்கிறார். வீட்டுக்குப் போய்ப் பதிவைப் போட்டுக் கேட்டால் ஈரக் காற்றின் சத்தம்தான் இருந்தது, குரல் இல்லை, கிட்டார் இல்லை. மைக்கைத் திட்டினாள், வயரை மாற்றினாள், அழுதாள். மெத்தை அறையில் மறுபடி பாடிப் பார்த்தாள். அதே பாட்டுத்தான், ஆனால் அது இல்லை.

மறுநாள் காலை குழாயில் தண்ணீர் வந்தபோது கூடவே ‘ஞாயிறு மின்வெட்டு’ வந்தது. முதலில் பித்தளைக் குடங்களில் டிரம்ஸ் விழுந்தது, பிறகு எவர்சில்வர் பானைகளில் கிட்டார் விழுந்தது, பெண்கள் ரேடியோவை யார் வைத்தது என்று திரும்பிப் பார்த்துவிட்டு, குடம் நிறைந்ததும் அடுத்த குடத்தை வைத்தார்கள். தண்ணீர் வருகிற நேரத்தில் வேறு எதற்கும் எங்கள் ஆட்களுக்கு நேரமில்லை. அடுத்ததாகப் பூனைகள் வந்தார்கள், தண்ணீர் நிற்கப்போகிற நேரத்தில் பனிக்காரர்கள் மெல்ல வந்து சொட்டிச் சொட்டி நின்றார்கள். குடத்தில் இருக்கும் வரை பாட்டு பேசாமல் கிடக்கும், சரித்தால் தொடரும், குடித்தால் தொண்டையில் கொஞ்ச நேரம் முனகிக்கொண்டிருக்கும்.

ஒரு வாரத்துக்குள் எந்தத் தண்ணீர் எதற்கு என்று குடியிருப்பு முடிவு செய்துவிட்டது. மின்வெட்டுத் தண்ணீரில் மாவு ஆட்டினால் சீக்கிரம் பொங்கியது, பூனைகளின் தண்ணீரைப் பாலில் கலந்தால் பிள்ளைகள் அடம்பிடிக்காமல் தூங்கினார்கள், பனிக்காரர்களின் தண்ணீரில் அலசிய வேட்டி நல்ல வெள்ளை. சண்டையும் வந்தது, வராமல் இருக்குமா? கனமான ஒலி கீழேயே தங்கிவிட, மெல்லிய ஒலி மட்டும் மேலே ஏறியது. மூன்றாம் மாடி இசக்கியம்மாள் இரண்டு கையிலும் குடத்தோடு இறங்கி வந்து, மேளத்தையெல்லாம் கீழ்வீட்டுக்காரர்களே பிடித்துக்கொள்கிறார்கள், எங்களுக்குச் சீழ்க்கைதான் மிச்சம் என்று வரிசையில் நின்று நியாயம் கேட்டாள். புகார் குடிநீர் ஆபீஸ் வரைக்கும் போனது. ஒரு அதிகாரி வந்து, ஒரு டம்ளர் குடித்து, மேஜையில் கொஞ்ச நேரம் தாளம் போட்டுவிட்டு, குளோரின் அளவு சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இது யார் பாட்டு, அது எந்த ஊர் பேண்டு என்று எல்லோரும் ஜெசிந்தாவைத்தான் கேட்டார்கள். அவளும் குழாயடியில் நின்றுகொண்டு, டிரம்ஸ் வாசிக்கிற பெண் முன்னால் என்ன வேலை பார்த்தாள், பூனைகளில் யாருக்கு யார் தம்பி, பனிக்காரர்கள் ஏன் அவ்வளவு மெதுவாகப் பாடுகிறார்கள் என்று கை கால் ஆட்டி விளக்குவாள், தன் சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்வதுபோல அவ்வளவு பெருமையாக இருக்கும் அவளுக்கு. உப்பு லாரி டிரைவர்கள் டீக்கடையில் பேஸ் கிட்டாரைப் பற்றி வாக்குவாதம் செய்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, அவளுடைய பாட்டு மட்டும் வரவில்லை. தண்ணீர் வருகிற நேரம் முழுக்கக் காதைக் குழாயில் வைத்துக்கொண்டு நின்றாலும் வரவில்லை. அவளுடைய பாட்டும் ஒன்று தொட்டிக்குள் போய் மாட்டியிருக்கிறது என்பது தங்கப்பழத்தைத் தவிர யாருக்கும் தெரியாது. இதை வெளியே சொல்லக்கூடாது என்று மாதா மேல் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அந்தப் பாட்டு எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடித்ததும் தங்கப்பழம்தான். தொட்டியிலிருந்து வீடுகளுக்குப் போகிற குழாய், தரையிலிருந்து ஒரு முழம் மேலே இருக்கும். வண்டல் கலந்துவிடக்கூடாதே என்று அப்படி வைப்பார்கள். அதற்குக் கீழே இருக்கிற தண்ணீர் எங்கேயும் போகாது, வந்த நாளிலிருந்து அப்படியே கிடக்கும், தொட்டியைக் கழுவுகிற அன்றைக்குக் கழிவு வால்வைத் திறந்து சாக்கடையில் விட்டுவிடுவார்கள். தொட்டியின் காலடியில் இருக்கிற அந்த வால்வு ஒரு நாள் லேசாகச் சொட்டியது. சொட்டில் யாரோ மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. அவர் போய் ஜெசிந்தாவைக் கூட்டிவந்தார், அவள் மண்டியிட்டுக் காதை வைத்தாள். ஒலிப்பதிவுக்காரிக்குத் தன் மூச்சு தெரியாதா? கடைசியாக உள்ளே விட்ட பாட்டு, குரலை விட மூச்சு அதிகமுள்ள பாட்டு, கனத்துப்போய் அடியில் படுத்துவிட்டது.

அடுத்த தடவை கழுவும்போது என்ன ஆகும் என்று கேட்டாள். சாக்கடைக்குத்தான் போகும் என்றார் அவர்.

அந்தக் கோடையில் ஆறு சுருங்கியது. தினமும் வந்த தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாளாகி, பிறகு எப்போதாவது என்றாகி, மின்வெட்டுப் பெண்கள் குரல் கம்மிப் போனார்கள், பூனைகள் பாதிப் பாட்டில் நின்றார்கள், பனிக்காரர்கள் வரவேயில்லை. சாம்பார்ச் சட்டி கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றாமல் அடுத்த சட்டி கழுவ வைத்துக்கொண்டோம். தொட்டியின் நீர்மட்டம் காட்டுகிற சிவப்பு முள் ஒவ்வொரு நாளும் இறங்க இறங்க, எல்லோரும் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டிருக்க, ஜெசிந்தாவுக்கு மட்டும் உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. தண்ணீர் வற்றினால்தானே அவள் பாட்டு வெளியே வரும். அந்தச் சந்தோஷம் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. இரண்டாம் மாடியில் பிள்ளை பெற்று வந்திருந்த மாரிச்செல்விக்கு, எங்கெங்கோ அலைந்து வாங்கிய தண்ணீரைத் தோளில் சுமந்து கொண்டுபோய்க் கொடுத்தாள். நல்ல மனசு என்று நாங்கள் பேசிக்கொண்டோம், அதுவும் பொய்யில்லை.

ஒரு மத்தியானம் குழாய்கள் வெறும் காற்றை விட்டன. லாரித் தண்ணீரும் வரவில்லை. தங்கப்பழம் யாரிடமும் பேசாமல் நேராக ஜெசிந்தா வீட்டுக்குப் போனார்.

“அடித்தண்ணி ஒண்ணுதான் மிச்சம், ஜெசி. துணிய வச்சு வடிகட்டி வீட்டுக்கு ஒரு கொடம் குடுக்க ஆபீஸ்ல சொல்லிட்டாவ. நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லல. மொதல்ல உனக்குத் தெறந்து விடுதேன், நீ மைக்க வச்சுப் புடிச்சுக்க. சகதிதான் வந்துச்சு, கழுவி விட்டுட்டேன்னு சொல்லிக்கிடுதேன்.”

குடத்தில் பிடித்துக்கொண்டே பதிவு செய்யலாமே என்று நமக்குத் தோன்றும். குடம் நிறைய நிறையச் சத்தத்தின் சுதி ஏறும், குடம் மாற்றும்போது பாட்டு அறுபடும், பாத்திரத்தின் கணகணப்பு குரலைத் தின்றுவிடும். சுத்தமாக வேண்டுமென்றால் தண்ணீர் சரளைக்கல்லில் சும்மா ஓடவேண்டும், ஓடி மண்ணுக்குள் போகவேண்டும். ஜெசிந்தாவுக்கு அது தெரியும். தெரிந்தும் மைக்கை எடுத்துக்கொண்டு போனாள்.

வால்வு திறந்தது. முதலில் அவளுடைய மூச்சு வந்தது, பிறகு சுதி வந்தது, பிறகு அந்த ஒற்றைத் தந்தி. காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் அது அவள் பாடியதைவிட நன்றாக இருந்தது. இத்தனை வருஷம் தேடியது இதோ வந்துகொண்டிருக்கிறது, அவள் கண் நிறைந்துவிட்டது. தண்ணீர் சரளையில் பரவி, காய்ந்த மண் அதை உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தது, ஒரு நாய் ஓடிவந்து நக்கியது. நிமிர்ந்தால் இரண்டாம் மாடிக் கொடியில் மாரிச்செல்வி பிள்ளையின் துணிகளை அலசாமலே வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு இன்னும் முதல் வரிக்கே வரவில்லை, ஆரம்பம் ரொம்ப நீளம் என்பது அன்றைக்கு அவளுக்கே உறைத்தது. குனிந்து, தன் கையாலேயே வால்வை மூடினாள்.

“எல்லாரையும் கூப்பிடுங்க அண்ணாச்சி.”

“அப்பம் பாட்டு?”

“அது தண்ணிதான அண்ணாச்சி,” என்றாள். மைக்கைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு, வந்து கூடிய கூட்டத்தில் கடைசி ஆளாக நின்றாள்.

ஆரம்பத்தில் தள்ளுமுள்ளு, நீ முந்தி நான் முந்தி என்ற சண்டை. ஆனால் வால்விலிருந்து வந்தது நூல் மாதிரி ஒல்லியான தண்ணீர், அதற்கு முன்னால் அவசரப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. போனில் வருகிற பாட்டைத் தள்ளிவிடலாம், தண்ணீரில் வருகிற பாட்டைத் தள்ளிவிட முடியுமா? அந்த நீளமான ஆரம்பத்தில் மண்ணுக்குப் போனது போக மிச்சத்தையெல்லாம் வேறு வழியில்லாமல் கேட்டோம், கேட்கக் கேட்கப் பேச்சு குறைந்தது, அந்த மெதுவான தண்ணீருக்கு அந்த மெதுவான பாட்டு சரியாகத்தான் இருந்தது. இரண்டாவது குடத்தில் அந்தப் பெண் வீட்டை விட்டுக் கிளம்பினாள். அடுத்தடுத்த குடங்களில் தெருமுனை வந்தது, பஸ் ஸ்டாப் வந்தது, பூட்டினேனா என்று முதல் தடவை கேட்டாள். குடம் நிறைந்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்றார்கள். அவள் பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தபோது உப்பளத்துப் பெண் ஒருத்தி, பூட்டியிருப்பா, அவ கெட்டிக்காரி என்றாள். இன்னொருத்தி, கேஸையும் அணைக்காம வந்திருப்பா என்றாள்.

இசக்கியம்மாள் வழக்கம்போல ஜெசிந்தாவிடம் இது எந்த பேண்டு என்று கேட்டாள். புதுசு, அக்கா என்று மட்டும் சொல்லி ஜெசிந்தா தரையைப் பார்த்தாள். தங்கப்பழம் இரண்டு உதட்டையும் உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தோம்.

பாட்டில் அவள் தன் தெருவுக்கு வந்து, வீட்டுக்கு வந்து, கதவில் கை வைக்கிற இடத்தில் ஜெசிந்தாவின் முறை வந்தது. அப்போதுதான் மாரிச்செல்வி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் வாளியோடு ஓடிவந்தாள். பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, குளிப்பாட்டி நாலு நாளாகிறது என்றாள். ஜெசிந்தா விலகி நின்று, நீ பிடி என்றாள். பிள்ளைக்கென்பதால் மாரிச்செல்வி வாளியின் வாயில் இரண்டு மடிப்பாகத் துணி கட்டியிருந்தாள். துணியில் விழுந்த தண்ணீர் சத்தமே போடாமல் உள்ளே இறங்கியது. வாளி நிறைவதற்குள் வால்வு கடைசியாக ஒரு முறை சொட்டி நின்றுவிட்டது.

பூட்டினாளா இல்லையா என்று எல்லோரும் ஒரே குரலில் கேட்டோம். அது வாளியில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் புரிந்தது, வாளி மாரிச்செல்வியோடு படியேறியது, நாங்களும் பின்னாலேயே ஏறினோம். அவள் வீட்டுக்குள் எத்தனை பேர் கொள்ளும்? மற்றவர்கள் மாடிப்படி முழுக்க, கீழிருந்து மூன்றாம் மாடி வரை, குடத்தோடும் குடமில்லாமலும் நின்றோம். யாரும் யாரையும் பேசாதே என்று சொல்லவில்லை, ஆனால் ஒரு வளையல் சத்தம்கூட இல்லை. ஜெசிந்தா தன் காலிக் குடத்தோடு எல்லோருக்கும் கீழே, கடைசிப் படியில் நின்றாள்.

மாரிச்செல்வி காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் போட்டு, முதல் கப் தண்ணீரை ஊற்றினாள். பிள்ளையின் முதுகில் விழுந்த தண்ணீரில் பூட்டு குளிர்ந்திருந்தது என்று வந்தது. அடுத்த கப்பில் சாவி கைப்பையில் இருந்தது. மாடிப்படிச் சுவர்கள் அந்தக் குரலை வாங்கி மாடி மாடியாக ஏற்றி இறக்கின. இத்தனை வருஷம் தினமும் ஏறி இறங்கிய இந்தப் படிக்கட்டில் தொட்டியைவிட நல்ல எதிரொலி இருந்திருக்கிறது, அது ஜெசிந்தாவுக்கே அன்றுதான் தெரிந்தது. கடைசிக் கப் தண்ணீரை மாரிச்செல்வி மெல்லச் சரித்தாள்.

‘பூட்டித்தான் இருந்தது. ஆனாலும் தட்டினேன். உள்ளேயிருந்து என் குரலே கேட்டது: யாரு?’

அதோடு பாட்டு முடிந்துவிட்டது. யாரு என்ற அந்தச் சொல் மட்டும் மூன்று மாடியும் ஏறிப் போய், இறங்கி வந்து, மறுபடி ஏறியது. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு மேலே பார்த்தது. வீட்டுக்குள்ளிருந்து ஒருவர் யாரு என்று கேட்டால் வெளியே நிற்கிறவர் பதில் சொல்ல வேண்டும், அது எங்கள் எல்லோருக்கும் பழக்கம், அதனால் யாராவது சொல்லட்டும் என்று அப்படியே காத்துக்கொண்டு நின்றோம்.

“நான்தான்,” என்றாள் ஜெசிந்தா, கீழ்ப்படியிலிருந்து.

எல்லோரும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தோம். அவள் அழுதுகொண்டிருந்தாள், அதை மறைக்கவில்லை. மேலேயிருந்து இசக்கியம்மாளின் குரல் இறங்கி வந்தது.

“ஆரம்பம் கொஞ்சம் நீளந்தாண்டி. ஆனா கொடம் நெறையிற வரைக்கும் கூடவே நின்னுச்சு. மேல ஏறி வா. இங்க நிக்கவங்கள்ல பாதிப் பேருக்கு மொத வரி கேக்கல, மொதல்ல இருந்து பாடு.”

ஜெசிந்தா குடத்தைப் படியோரமாக வைத்துவிட்டு, விலகி வழிவிட்டவர்களுக்கு நடுவே மேலே ஏறினாள்.